ஒப்பேற்றலும் அறமும்

அறம் பற்றிய வினாக்கள் பெரிய இடங்களிலேதான் பிறக்கின்றன என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். தத்துவ நூல்கள் காட்டும் உதாரணங்களும் அவ்வாறே அமைகின்றன: நீதிமன்றம், போர்க்களம், மரணப் படுக்கை. ஆனால் வாழ்க்கை நம்மை நிறுத்தி வினவுவது பெரும்பாலும் இவ்விடங்களில் அன்று. வீட்டு முற்றத்தில், எண்ணெயும் புழுதியும் படிந்த கையோடு நிற்கும்போதே அது வினவுகிறது. அண்மையில், சுண்டுவிரல் அளவேயான ஓர் இரும்பாணி முறிந்தபோது எனக்கு நேர்ந்தது அதுவே.

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு வீதியால் ஒட்டுசுட்டானுக்கு அப்பாலுள்ள பாடசாலைக்கு நாள்தோறும் செல்லும் ஆசிரியர் நால்வர் நாங்கள். பஸ் வரும் நேரமும் பாடசாலை மணியும் ஒத்துவராமையால் பழைய யப்பானியக் கார் ஒன்றைக் கூட்டாக வாங்கி வைத்திருக்கிறோம். ஒரு வெள்ளிக்கிழமை மாலை பின்சில்லொன்றில் காற்றுப் போயிற்று. அதைக் கழற்ற முயன்றபோது, சில்லைப் பிணைக்கும் நான்கு ஆணிகளில் ஒன்று, ‘நட்’ எனப்படும் சுரையோடு சேர்ந்து முறிந்து என் காலடியில் விழுந்தது. முன்னொரு நாள் ரயர் ஒட்டும் கடையொன்றில் காற்றழுத்தக் கருவியால் அளவுக்கு மிஞ்சி இறுக்கியதன் விளைவு அது என்று பின்னர் அறிந்தேன்.

எனக்குக் கிடைத்த ஆலோசனைகள் மூன்று. “மூண்டு ஆணி காணும். எத்தனை வாகனம் இப்படி ஓடுது” என்றார் ஒருவர். “லேத்திலை ஒரு கம்பியைக் கடைஞ்சு போடுங்கோ” என்றார் மற்றவர். “முறிஞ்சதையே வெல்டிங் வைச்சு ஒட்டலாம்” என்றார் இன்னொருவர். மூவரும் நல்லெண்ணம் உடையவர்கள். மூவரும் பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் வாழ்ந்து, இல்லாமையை வென்று பழகியவர்கள். ஆகவே அவர்களுடைய சொல்லை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. உண்மையைச் சொன்னால், முதலாவது ஆலோசனையே எனக்கு மிகவும் உவப்பாக இருந்தது. அதற்குப் பணமும் தேவையில்லை, பொழுதும் தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை என் பழைய மாணவன் ஒருவன் வந்தான். சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் சித்தியடையாமற் கராச்சொன்றிற் சேர்ந்து தொழில் பழகியவன். மூன்று ஆணி போதாதா என்று அவனைக் கேட்டேன். அவன் சில்லைக் கழற்றி, முறிந்த ஆணிக்கு இருபுறமும் உள்ள ஆணிகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இதுகளும் களைச்சுப் போச்சு, சேர். மூண்டையும் மாத்தவேணும்” என்றான்.

இரும்பு களைக்கும் என்று அவன் சொன்னதை அவனுடைய பேச்சு வழக்கின் அழகாகவே முதலில் எடுத்துக்கொண்டேன். அது அணியன்று, பொறியியல் உண்மை. உலோகக் களைப்பு என்பது அத்துறையிற் பயிலும் ஒரு கலைச்சொல். அதன் விளக்கம் நாம் பேசப்போகும் அறத்துக்கும் வேண்டியிருப்பதால் இங்கே சற்று நிற்க வேண்டும்.

சில்லாணி சில்லைத் தன் உடம்பால் தாங்குவதில்லை. சுரையை இறுக்கும்போது ஆணி மிக நுண்ணிய அளவில் இழுபட்டு நீள்கிறது. நீண்ட ஆணி மீளச் சுருங்க முயல்வதால் சில்லு அச்சுத்தட்டோடு அழுத்திப் பிடிக்கப்படுகிறது. அந்த அழுத்தத்தினாற் பிறக்கும் உராய்வே வண்டியின் பாரத்தைச் சுமக்கிறது. சரியாக இறுக்கிய ஆணிக்கு ஆட்டமில்லை. ஆட்டமில்லாத இடத்தில் களைப்பும் குறைவு. ஓர் ஆணி முறிந்ததும் அந்தப் பக்கத்து அழுத்தம் தளர்கிறது. சில்லு ஒவ்வொரு சுற்றிலும் கண்ணுக்குத் தெரியாத அளவில் அசைகிறது. அயலிலுள்ள ஆணிகள் ஒவ்வொரு சுற்றிலும் சிறிது வளைந்து நிமிர்கின்றன. மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டானுக்குச் செல்வதற்குள் ஒரு சில்லு பல்லாயிரம் தடவை சுழல்கிறது. அத்தனை தடவையும் வளைந்து நிமிரும் இரும்பில் மயிரிழை போன்ற வெடிப்பொன்று தோன்றி உள்ளே வளர்கிறது. வெளிப்பார்வைக்கு ஆணி முழுமையாகவே இருக்கும். ஒருநாள் அதுவும் முறியும். அதன்பின் எஞ்சியவை முறிய அதிக காலம் எடுக்காது.

எனவே ‘மூன்று காணும்’ என்ற கணக்கு பொய்க்கணக்கு. முறிந்த ஒன்றின் பாரம் எங்கும் மறைந்துவிடவில்லை. அது மற்றவற்றின் தலையில் ஏறியிருக்கிறது. அவை வாய்திறந்து சொல்லவில்லை என்பதே நம்முடைய ஆறுதலுக்குக் காரணம். சமுதாயத்திலும் இத்தகைய கணக்கு நடக்கிறது என்பதை வாசகருக்கு நான் விரித்துக் கூற வேண்டியதில்லை. ஆசிரியர் வெற்றிடம் நிரப்பப்படாத பாடசாலையில் எஞ்சிய ஆசிரியரும், குடும்பத் தலைவன் இல்லாத வீட்டில் எஞ்சிய தாயும் எவ்வாறு களைக்கிறார்கள் என்பதை வன்னியில் வாழ்பவர் அறிவர். ‘சமாளிக்கிறார்கள்’ என்ற சொல்லால் அக்களைப்பை மூடிவிடுகிறோம்.

இனி, இரண்டாவது ஆலோசனைக்கு வருவோம். லேத்தில் கடைந்த கம்பியை ஏன் போடக்கூடாது? இவ்வினாவை அவனிடமே கேட்டேன். தடைக்காலத்தில் எதையெல்லாமோ செய்து ஓட்டினார்களே என்றும் சொன்னேன்.

அந்தக் காலத்தை நான் சிறுவனாகக் கண்டவன். 1990ஆம் ஆண்டில் வடக்கில் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள்மீது அரசாங்கம் விதித்த பொருளாதாரத் தடை, வன்னியில் 2002 பெப்ரவரி போர்நிறுத்த உடன்படிக்கை வரையில் ஏதோ ஒரு வடிவில் நீடித்தது. எரிபொருள், பற்றரி, சீமெந்து, உரம் முதலியவை தடைக்குள் அகப்பட்டன. அப்போது ஒஸ்ரின், மொறிஸ் மைனர் முதலிய பழைய பிரித்தானியக் கார்களே வீதிகளில் உயிரோடு இருந்தன. அவற்றின் எஞ்சின்கள் குறைந்த அமுக்க விகிதம் உடையவை. ஆதலின் சிறிதளவு பெற்றோல் ஊற்றி இயக்கிவிட்டுப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்ட முடிந்தது. எரியாத மண்ணெண்ணெய் கசிந்து எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்யும், வளையங்கள் தேயும், புகை கண்ணைக் கரிக்கும். ஆயினும் அக்கார்கள் நோயாளரைச் சுமந்தன, பிள்ளைப்பேற்றுக்குச் சென்ற தாய்மாரைச் சுமந்தன. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். ஜாம் போத்தலில் திரியிட்டுப் படித்தோம். இவற்றைச் செய்த கைகள் போற்றுதற்குரியவை என்பதில் இரண்டாவது கருத்து இருக்க முடியாது.

என் மாணவன் அதை மறுக்கவில்லை. “அப்பாவும் மண்ணெண்ணெயிலை வாடகைக்கு ஓடினவர்தான். எஞ்சின் நிண்டால் இறங்கி நடக்கலாம், சேர். சில்லு கழண்டால் நடக்கிறதுக்கு ஆள் இருக்கவேணுமே” என்றான். சிறிது நேரத்தின் பின், “அப்ப கிடைக்கேல்லை. இப்ப வவுனியாவிலை கிடைக்குது” என்றும் சேர்த்தான்.

இவ்விரண்டு வாக்கியங்களிலும் ஓர் அறநெறி முழுவதும் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றியது. முதலாவது, தவறினால் என்ன நேரும், அது யாருக்கு நேரும் என்று கேட்கிறது. இரண்டாவது, வேறு வழி இருந்ததா என்று கேட்கிறது. ஒப்பேற்றலை அளக்க வேண்டிய கோல்கள் இவை இரண்டுமே.

முதலாவது கோலை எடுத்துக்கொள்வோம். என் வீட்டுக் கதவின் பிணைச்சலுக்குக் கம்பி கட்டி நான் ஒப்பேற்றலாம். கதவு விழுந்தால் விழுவது என் கால்மீது. ஆனால் காரின் சில்லு அப்படிப்பட்டதன்று. காருக்குள் இருக்கும் நால்வரும் கூடிப்பேசி, ஆபத்தை அறிந்து, அதற்கு உடன்பட்டதாகவே வைத்துக்கொள்வோம். வீதியோரம் சைக்கிளில் வரும் மாணவி எப்போது உடன்பட்டாள்? கழன்ற சில்லு உருண்டு செல்லும் திசையில் மாடு மேய்ப்பவர் எந்தக் கூட்டத்தில் கையுயர்த்தினார்? மற்றவரின் உடம்பைப் பணயமாக வைத்து நான் மிச்சம் பிடிக்கும் காசு, அவரிடமிருந்து அவர் அறியாமல் எடுத்த காசே. அதற்குச் சிக்கனம் என்ற பெயர் பொருந்தாது.

இவ்விடத்தில் நியாயமான மறுப்பொன்று எழும். மாதச் சம்பளம் பெறும் ஆசிரியன் இதைச் சொல்வது எளிது. நாட்கூலிக்கு வாகனம் ஓட்டுபவன் ஒருநாள் வண்டியை நிறுத்தினால் அன்று அவன் வீட்டில் அடுப்பு எரியாதே என்பது அம்மறுப்பு. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றவர்களை நாம் மறந்துவிடவில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் நாடு முழுவதும் பழைய வாகனங்களைப் பழுது பார்த்துப் பார்த்தே ஓடியது. வறியவனின் ஒப்பேற்றலையும் என்னுடைய ஒப்பேற்றலையும் ஒரே தராசில் நிறுப்பது அநீதி என்பதை ஏற்றுக்கொள்கிறேன்.

எனினும் அம்மறுப்பு வினாவை ஒழித்துவிடவில்லை. வினா செல்ல வேண்டிய முகவரியை மாற்றுகிறது. ஓட்டுநன் மூன்று ஆணியோடு செல்வது குற்றமாயின், அவனை நான்காவது ஆணி வாங்க முடியாத நிலையில் வைத்திருப்பது அதனினும் பெரிய குற்றம். ஆபத்து அவனோடு நின்றுவிடுவதில்லை. ஆதலால் பொறுப்பும் அவனோடு நின்றுவிட முடியாது. வாகனம் ஓட்டுவோரின் சங்கம், கூட்டுறவு, பிரதேச சபை, அரசு என்று அப்பொறுப்பு விரிந்து செல்ல வேண்டும். தனிமனித ஒழுக்கத்தைப் போதிப்பதோடு அமைதியடைவது அறவுரையாளரின் பழக்கம். சமுதாயத்தைக் குறை கூறிவிட்டு மூன்று ஆணியோடு வண்டியை எடுப்பது நம்மவர் சிலரின் பழக்கம். இரண்டும் தவறு.

இரண்டாவது கோல் இன்னும் நுட்பமானது. வழியில்லாதபோது செய்த செயலுக்கு இருந்த பெருமை, வழியிருக்கும்போது அதே செயலைச் செய்வதற்கு இல்லை. நாம் தடைக்காலத்தின் கெட்டித்தனத்தை நினைந்து நினைந்து போற்றுகிறோம். போற்றுவது சரியே. ஆனால் அப்போற்றுதலுக்குள் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவனின் திறமையைப் பாடிக்கொண்டே இருந்தால், பெற்றோலை மறித்தவனின் செயல் கதையிலிருந்து மெல்ல மறைந்துவிடும். இல்லாமை என்பது யாரோ செய்த வினையாக அன்றி, நம்முடைய கெட்டித்தனத்தைக் காட்டுவதற்கு வானம் அனுப்பிய வாய்ப்பாகத் தோன்றத் தொடங்கும். அதன்பின், ‘வன்னிச் சனம் எதையும் சமாளிக்கும்’ என்ற பாராட்டை வன்னிச் சனத்துக்கு எதையும் கொடுக்க வேண்டியதில்லை என்பதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். ஆய்வுகூடம் இல்லாமலே விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியரைப் பரிசளிப்பு விழாவில் பாராட்டிவிட்டு ஆய்வுகூடத்தை மறந்துவிடுவது இத்தகையதே. பாராட்டு என்பது சில வேளைகளில் கடனைத் தீர்க்காமல் விடுவதற்குரிய மலிவான வழி.

ஆகவே ஒப்பேற்றலையும் பழுதுபார்த்தலையும் வேறுபடுத்திக் காண வேண்டும். ஒப்பேற்றல் இன்றைய பொழுதைக் கடத்துகிறது. பழுதுபார்த்தல் பொருளை அதன் முழுமைக்கு மீட்கிறது. முன்னது சில வேளைகளில் வீரம். பின்னதே நீடித்த கடமை.

என் மாணவன் அன்று செய்தது பழுதுபார்த்தல். முன்சில்லுகளுக்கு இருபுறமும் கல் வைத்தான். ஜக்கை மட்டும் நம்பாமல் காரின் கீழ்ச் சட்டத்துக்குத் தாங்கலாகப் பாலை மரக்குற்றியொன்றை வைத்தான்; நான் கொண்டுவந்த சீமெந்துக் கல்லை, பாரம் ஏறினால் சொல்லாமல் வெடிக்கும் என்று ஒதுக்கினான். பிறேக் டிரம்மைக் கழற்றி, பழைய ஆணிகளைச் சுத்தியலால் பின்புறமாகத் தட்டி எடுத்தான். புதிய ஆணிகளின் விட்டத்தையும் புரி இடைவெளியையும் பழையனவற்றோடு ஒப்பிட்டான். ஆணியின் கழுத்திலுள்ள பற்கள் துளையின் பற்களில் பொருந்தும்படி வைத்து, வளையத் தகடுகளை அடுக்கி, ஒரு சுரையை முறுக்கி ஆணியை உள்ளே இழுத்து அமர்த்தினான். அவ்வாறு இழுப்பதற்குப் பயன்பட்ட சுரையை, அதன் புரி வலுவிழந்திருக்கும் என்று எறிந்துவிட்டான். புரியில் எண்ணெய் பூசவந்த என்னைத் தடுத்து, எண்ணெய் இட்டால் அளவு தெரியாமல் ஆணி கூடுதலாக இழுபடும் என்றான். சுரைகளை ஒன்றுக்கொன்று எதிரெதிராக இறுக்கினான். பல சிறிய கார்களுக்கு வேண்டிய முறுக்கு ஏறத்தாழ நூறு நியூட்டன் மீற்றர்; அரை மீற்றர் நீளச் சாவியின் நுனியில் இருபது கிலோ எடை அழுத்துவதற்கு அது சமம். அவனுக்கு அந்தக் கணக்கு எழுதத் தெரியாது. ஆனால் அளவுகாட்டும் சாவியைக் கொண்டுவந்திருந்தான். அதன் சொல்லுக்குத் தன் கையைக் கீழ்ப்படுத்தவும் தெரிந்திருந்தான்.

அருகில் நின்று சாவி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த எனக்கு ஒரு நினைவு வந்து உறுத்தியது. பத்தாம் வகுப்பில் இவன் கட்டுரைக் கொப்பி கொண்டுவராத ஒருநாள், “நீ கராச்சுக்குத்தான் லாயக்கு” என்று வகுப்பறையில் எல்லோர் முன்னிலையிலும் சொன்னவன் நான். அதனை ஓர் இழிசொல்லாகவே சொன்னேன். இப்போது என் உயிரையும் என் சகாக்களின் உயிரையும் அந்தக் கராச்சுக் கையில் ஒப்படைத்துவிட்டு நிற்கிறேன்.

உருவத்தின் சிறுமையைக் கண்டு எவரையும் இகழலாகாது. பெரிய தேருக்கு அச்சாணி போன்றவர்களும் உலகில் உளர் என்பது வள்ளுவர் வினைத்திட்பத்தில் வைத்த கருத்து. அக்குறளை ஆண்டுதோறும் படிப்பிக்கிறேன், உவமையை விளக்குகிறேன், அணியின் பெயரை எழுத வைக்கிறேன். ஆனால் அச்சாணியைச் செய்தவன் யார், அவனைத் தேரோடும் வீதியில் எவ்விடத்தில் நிறுத்தினோம் என்று வகுப்பில் ஒருநாளும் கேட்டதில்லை. கைத்தொழிலைச் சாதியோடு பிணைத்து, தொழில் செய்தவனைத் தாழ்த்தி, அவன் செய்த பொருளை மட்டும் உவமையாக எடுத்துக்கொண்ட பண்பாட்டின் வாரிசுகள் நாம். மனிதனின் கை உழைப்பின் கருவி மட்டுமன்று, உழைப்பினால் உருவானதுங்கூட என்று எங்கல்ஸ் 1876இல் எழுதி, அவர் மறைந்தபின் 1896இல் வெளிவந்த கட்டுரையில் வாதிட்டார். அதைப் பல்கலைக்கழகத்தில் படித்துக் குறிப்பெடுத்த நானே மாணவனின் கையை இழிவுபடுத்தினேன் என்றால், பழுது என் நினைவாற்றலில் இல்லை. படிப்புக்கும் வாழ்வுக்கும் இடையிலுள்ள பிணைப்பில் இருக்கிறது.

இப்பழுது தனிப்பட்டதும் அன்று. 1972ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் இடைநிலை வகுப்புகளில் தொழில்முன் பாடங்களைப் புகுத்தியது. 1977இல் ஆட்சி மாறியபின் அது கைவிடப்பட்டது. 2013இல் உயர்தரத்தில் தொழில்நுட்பவியற் பிரிவு தொடங்கியது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் இருக்கிறது. இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் இருக்கிறது. இரண்டும் ஒரே ஊரில் அமைந்திருப்பது நல்லதே. ஆனால் நம் பெற்றோர் மனத்திலும், அதற்கு முன்னர் ஆசிரியர் மனத்திலும் அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் ஏ-9 வீதியைவிட நீண்டது. படிக்க முடியாதவனின் புகலிடம் என்ற நினைப்போடு தொழிற்கல்விக்கு மாணவனை அனுப்பும்வரை, எத்தனை நிறுவனங்கள் எழுந்தாலும் அத்தூரம் குறையாது.

வேலை முடிந்ததும் கூலியைக் கொடுத்தேன். ஆசிரியனிடம் வாங்க மாட்டேன் என்று மறுத்தான். வாங்கத்தான் வேண்டும் என்றேன். குருதட்சணை என்ற பெயரிலும் உழைப்பை இலவசமாகப் பெறலாகாது. வாங்கிக்கொண்டான். பழைய அந்தச் சொல்லை எடுத்து, “அண்டைக்கு நான் சொன்னது பிழை, தம்பி” என்றேன். அவன் நிலத்தைப் பார்த்தபடி, “அது மறந்துபோச்சு, சேர்” என்றான். மறந்தவன் எந்தச் சொல் என்று கேட்டிருப்பான். அவன் கேட்கவில்லை.

புறப்படும்போது ஒன்று சொன்னான்: “பூட்டினதோடை வேலை முடியேல்லை. ஒரு எண்பது, நூறு கிலோமீற்றர் ஓடினாப்பிறகு திரும்ப ஒருக்கா இறுக்கிப் பார்க்கவேணும்.” அளவுகாட்டும் சாவியை என்னிடமே விட்டுச் சென்றான்.

புதன்கிழமை மாலை பாடசாலையிலிருந்து திரும்பும் வழியில் ஒட்டுசுட்டானில் காரை நிறுத்தினோம். சகாக்கள் மூவரும் சுற்றி நிற்க, நானே குனிந்து ஒவ்வொரு சுரையாகச் சாவியை வைத்தேன். மூன்று அசையவில்லை. நான்காவது கால்வாசித் திருப்பம் உள்ளே சென்றது.